சூரியன் சீறினால்...?

– மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், பண்ணைப்புரம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா, ஜோக் எழுதலாமா என்று யோசித்தேன். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஜோக்குக்கு மெக்கானிக்கல் நண்பர்கள் இருக்கிறார்கள். ஆகவே, எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவையே கட்டுரையாக்கி விட்டேன். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தால் கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திட்டவும்.

டீக்கடையில் ஒரு கேள்வி

2024-ஆம் வருஷம், மே மாதம் 11-ஆம் தேதி, சனிக்கிழமை சாயந்தரம். அப்போது நான் முதலாம் ஆண்டு. பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவில் ஊரில் இருந்தேன். எங்கள் ஊர் பண்ணைப்புரம் என்றால் இசைஞானி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடை மாமா செல்போனை நீட்டினார்.

"மாப்ள, நீ கரண்டுதானே படிக்கிற? இன்னிக்கு ராத்திரி சூரியன்ல இருந்து நெருப்புப் புயல் வருதாம். செல்போனை எல்லாம் ஆஃப் பண்ணித் தூரமா வைக்கணுமாம். இல்லைன்னா வெடிச்சிருமாம். நெசமாப்பா?"

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. கீழே 'பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று வேறு போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியல மாமா" என்றேன். "கரண்டு படிக்கிற பையனுக்கே தெரியலைன்னா பெறகு யாருக்குத்தான் தெரியும்?" என்றார். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. வீட்டுக்குப் போனால் அதே செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பத்தா வீட்டில் இருந்த மூன்று போனையும் ஆஃப் பண்ண வைத்து, நெல் குலுக்கைக்குள் போட்டு மூடிவிட்டார். நானும் 'எதுக்கு வம்பு' என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று ராத்திரி கம்பத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த என் அக்காவுக்குப் பிரசவம். ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. அக்காவுக்கும் எனக்கும் ஒரே குரூப். மச்சான் எங்கள் மூன்று நம்பருக்கும் மாற்றி மாற்றி அடித்திருக்கிறார். குலுக்கைக்குள் கிடக்கிற போன் எப்படி மணி அடிக்கும்? முகம் தெரியாத ஒரு புண்ணியவான் ரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எங்களுக்கு விடிந்து பால்காரர் சொல்லித்தான் விஷயமே தெரியும்.

அந்த வாரமே முடிவு செய்தேன்: இந்தச் சூரியப் புயல் என்னதான் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முறுக்கேறிய கயிறு

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அது திடப்பொருள் அல்ல. மின்னேற்றம் பெற்ற வாயுக் குழம்பு. இதைப் 'பிளாஸ்மா' என்கிறார்கள். மின்னூட்டம் உள்ள பொருள் ஓடினால் என்ன ஆகும்? மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தால்? காந்தப்புலம். இது நாம் முதலாம் ஆண்டில் படித்ததுதான்.

பூமி முழுவதும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. சூரியன் அப்படி இல்லை. அதன் நடுப்பகுதி ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாளும், துருவப் பகுதி சுமார் 35 நாளும் எடுத்துக்கொள்கிறது. இதனால் உள்ளே இருக்கும் காந்தக் கோடுகள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு அளவுக்கு மேல் ஏறினால் கயிறு சுருண்டு புடைத்துக்கொள்ளும் அல்லவா? அதே மாதிரி காந்தக் கோடுகள் சூரியனின் மேல்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே புடைக்கின்றன. அந்த இடத்தில் வெப்பம் கீழிருந்து மேலே வருவது தடைப்படும். சுற்றிலும் 5,500 டிகிரி சூடு. அங்கே மட்டும் 4,000 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆகவே அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. இதுதான் சூரியப் புள்ளி. இந்தப் புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. இப்போதைய சுற்று 2019 டிசம்பரில் தொடங்கி, 2024-ல் உச்ச கட்டத்தை எட்டியது.

முறுக்கு தாங்காமல் கயிறு அறுந்தால்? சேர்ந்திருந்த சக்தி எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். அதுதான் சூரிய வெடிப்பு.

முதலில் மின்னல், பிறகு இடி

வெடிப்பில் இரண்டு விஷயங்களை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மேகமலைப் பக்கம் மின்னல் வெட்டினால் வெளிச்சம் உடனே தெரியும். இடி பிறகுதான் வரும். சூரிய வெடிப்பும் அப்படித்தான்.

ஒன்று, சூரியச் சுடர். இது வெளிச்சம், எக்ஸ் கதிர் முதலானவை. ஒளியின் வேகத்தில் வருவதால் எட்டு நிமிஷம் சொச்சத்தில் நம்மிடம் வந்துவிடும். வெடிப்பு நடந்தது நமக்குத் தெரியும்போதே அது வந்து சேர்ந்தாயிற்று! சுடர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் பத்து மடங்கு.

இரண்டு, பிளாஸ்மா மேகம். சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய வெளி மண்டலத்துக்குக் கரோனா என்று பெயர். கிரீடம் என்று அர்த்தம். 2020-ல் நம்மை வீட்டில் அடைத்துப் போட்ட கிருமிக்கும் அதே காரணத்துக்காகத்தான் அதே பெயர். இந்தக் கரோனாவிலிருந்து நூறு கோடி டன் அளவில் பிளாஸ்மா, தன் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு பிய்த்துக் கிளம்பும். வேகம் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டரிலிருந்து 3,000 கிலோமீட்டர் வரை. பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ரொம்ப வேகமானது என்றால் ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும்.

வந்த மேகமெல்லாம் புயல் ஆவதில்லை. பூமியே ஒரு பெரிய காந்தம். மேகத்தின் காந்தப்புலம் வடக்குப் பார்த்து இருந்தால் பூமியின் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். தெற்குப் பார்த்து இருந்தால் இரண்டும் இணைந்து கதவு திறந்துகொள்ளும். சக்தி உள்ளே கொட்டும். பூமியின் காந்தப்புலமே ஆடும். இதைக் காந்தப் புயல் என்கிறோம்.

பம்பாயில் ஆடிய காந்த ஊசி

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் ரிச்சர்டு கேரிங்டன் என்பவர் சூரியப் புள்ளிகளைப் படம் வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று புள்ளிக் கூட்டத்தின் மேல் வெள்ளை வெளிச்சம் பளிச்சிட்டு, சில நிமிஷத்தில் மறைந்தது. சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியில் காந்தப் புயல். அன்றைக்கு மின்சாரத்தில் ஓடிய பெரிய அமைப்பு என்றால் தந்திதான். தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. சில இடங்களில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் தந்தி போனது!

இந்தப் புயலின் அளவுக்கு ஒரு முக்கியமான சாட்சி நம் நாட்டில்தான் இருக்கிறது. பம்பாயில் கொலாபா ஆய்வுக்கூடத்தில் இருந்த காந்தமானி அன்று சுமார் 1,600 நானோடெஸ்லா சரிவைக் காட்டியது. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலமே ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லாதான். அதாவது நூற்றுக்கு நாலு பங்கு ஒரே நாளில் குறைந்து நின்றது. அந்தப் பழைய நோட்டுப் பதிவை எடுத்து ஆராய்ந்துதான் 2003-ல் விஞ்ஞானிகள் 1859 புயலின் பலத்தைக் கணக்குப் போட்டார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஊசியின் அசைவை எழுதி வைத்தவர்களுக்கு, 144 வருஷம் கழித்து அது உதவும் என்று தெரிந்திருக்குமா? லேப் ரெக்கார்டில் ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' செய்யும் நண்பர்கள் கவனிக்கவும்!

பிறகு பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் காந்தமானியைக் கெடுத்துவிடும் என்பதால் 1904-ல் அலிபாக்குக்கு ஆய்வுக்கூடத்தை மாற்றினார்கள்.

பஞ்சமும் அணையும் கண்ணாடியும்

பம்பாய் வரை போவானேன்? நம் தலைக்கு மேலேயே ஒரு கதை இருக்கிறது. பெரியகுளத்துக்கு மேலே நிற்கிற மலையில், கோடைக்கானலில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. கோடைக்கு டூர் போகும் நாம் படகுத்துறை, பில்லர் ராக் எல்லாம் பார்ப்போம். இதைப் பார்க்காமல் இறங்கிவிடுவோம்.

அது ஏன் அங்கே வந்தது? தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் தொடங்கி இரண்டு வருஷம் சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கிய பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. சூரியனைத் தினமும் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்று தேடி, மைக்கேல் ஸ்மித் அல்ல, மிக்கி ஸ்மித் என்ற விஞ்ஞானி கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்.

பஞ்சத்தில் வறண்ட மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவர பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையை 1895 அக்டோபரில் திறந்து வைத்தவர் சென்னை கவர்னர் வென்லாக். கோடைக்கானல் ஆய்வுக்கூடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவரும் அதே வென்லாக்தான். அதே 1895-தான்! நம் பள்ளத்தாக்குக்கு ஒரு பக்கம் தண்ணீர் வந்தது. இன்னொரு பக்கம் சூரியனைப் பார்க்கும் கண்ணாடி வந்தது.

சூரியப் புள்ளியை வைத்து மழையைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை நிறைவேறவில்லை. ஆனால் தேடிய வழியில் வேறு புதையல் கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கே கண்டுபிடித்தார். இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் அது 'எவர்ஷெட் விளைவு'. 1904 முதல் அங்கே எடுத்த சூரியப் படங்கள் நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்து, இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருக்கின்றன. உலகத்தில் இவ்வளவு நீண்ட படவரிசை வைத்திருக்கும் இடங்கள் மிகச் சில. அங்கே 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் கண்ணாடிகள் மூலம் வெயிலைக் கொண்டுபோய், 34 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியனை விழவைக்கிறார்கள். சுளகு அளவு சூரியன்!

தொண்ணூறு வினாடியில் இருட்டு

சரி, நம் பாடத்துக்கு வருவோம். மின்னியல் மாணவர்கள் பேனாவை எடுங்கள்.

1989 மார்ச் 13, விடிகாலை. கனடாவில் கியூபெக் மாநிலம். காந்தப் புயல் அடித்த சுமார் 90 வினாடிக்குள் மாநிலத்தின் மின்தொகுப்பு மொத்தமும் விழுந்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில். வெளியே பனி. எப்படி நடந்தது?

காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். பாரடே விதி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள உயர் அழுத்த லைன், இரண்டு முனையிலும் நியூட்ரல் எர்த் செய்யப்பட்ட டிரான்ஸ்பார்மர், கீழே பூமி. மூன்றும் சேர்ந்தால் என்ன? ஒரே சுற்றுள்ள மாபெரும் காயில்! காந்தப் புயலில் பூமியின் புலம் நிமிஷக்கணக்கில் மெல்ல மாறுகிறது. கியூபெக்கில் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு வோல்ட் உண்டானது. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். லைனின் நீளத்தால் பெருக்கிப் பாருங்கள்.

பூமிக்குள்ளேயே இந்த மின்னோட்டம் போகலாமே, ஏன் லைனில் ஏற வேண்டும்? கியூபெக்கின் அடித்தளம் கெட்டியான பாறை. மின்சாரம் எளிதில் போகாது. கரியும் உப்பும் கொட்டி எர்த் பிட் போட்டு, மெக்கர் வைத்து அளந்தவர்களுக்குத் தெரியும், பாறை நிலத்தில் ரீடிங் எப்படி எகிறும் என்று. ஆகவே மின்னோட்டம் சுலபமான வழியாகிய லைனில் ஏறி, நியூட்ரல் வழியாக இறங்கியது.

இந்த மின்னோட்டம் மிக மெதுவாக மாறுவதால் டிரான்ஸ்பார்மருக்கு இது டி.சி. மாதிரியே. டிரான்ஸ்பார்மருக்கு டி.சி. கொடுத்தால் என்ன ஆகும் என்பது வைவாவில் தவறாமல் வரும் கேள்வி. ஏ.சி.யின் ஒரு பாதி அலையில் கோர் அளவுக்கு மேல் காந்தமாகி 'சாச்சுரேட்' ஆகிறது. காந்தமாக்கும் மின்னோட்டம் பல மடங்கு ஏறுகிறது. ஹார்மானிக்ஸ் பெருகுகிறது. ரியாக்டிவ் பவரை டிரான்ஸ்பார்மர் உறிஞ்சுகிறது. கோரை விட்டுக் கசியும் புலம் டேங்க்கையும் கிளாம்பையும் சூடாக்குகிறது. கியூபெக்கில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வைத்திருந்த ஈடுகட்டும் கருவிகளை, ஹார்மானிக்ஸைப் பார்த்துப் பயந்த ரிலேக்கள் ஒவ்வொன்றாக டிரிப் செய்துவிட்டன. முட்டுக்கொடுத்த கம்பு போனால் பந்தல் நிற்குமா?

அதே புயலில் சேலத்திலும் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் கெட்டது. பதறாதீர்கள், நம்ம சேலம் இல்லை! அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்திலும் சேலம் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள அணுமின் நிலைய டிரான்ஸ்பார்மர் அது.

நமக்கு ஆபத்து உண்டா?

புயலின் பெரிய ஆட்டம் துருவப் பக்கம்தான். அதனால் கனடா, சுவீடன் போன்ற வட நாடுகள்தான் முதலில் அடி வாங்கும். 2003 அக்டோபர் 30-ல் சுவீடனின் மால்மோ நகரம் ஒரு மணி நேரம் போல இருண்டது. நாம் வெகு தெற்கே இருக்கிறோம். ஆகவே நமக்குப் பயம் குறைவு. ஆனால் பயமே இல்லை என்று சொல்ல முடியாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் ஒரு மின்னோட்ட ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. 1963 நவம்பர் 21-ல் நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டைத் திருவனந்தபுரம் பக்கம் தும்பாவிலிருந்து விட்டதே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோடு அருகில் இருப்பதால்தான். பகலில் புயல் வந்து மோதும்போது இந்த ஆறு திடீரென்று பெருகும். அதனால் இங்கேயும் காந்தப்புலம் துள்ளும்.

இரண்டாவது, தென்னாப்பிரிக்காவும் துருவத்திலிருந்து தள்ளி இருக்கும் நாடுதான். 2003 புயலுக்குப் பிறகு அங்கே பெரிய டிரான்ஸ்பார்மர்கள் சில உள்ளுக்குள் சேதமாகி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழுதானதை அந்நாட்டுப் பொறியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றே வெடித்தால்தான் சேதம் என்பதில்லை.

மூன்றாவது, நம் லைன்கள் நீண்டுகொண்டே போகின்றன. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் தென்னிந்தியத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு சேர்ந்தது. இன்று இந்தியா முழுவதும் ஒரே துடிப்பு, ஒரே 50 ஹெர்ட்ஸ். ஒரு மூலையில் ஏற்படும் தடுமாற்றம் இன்னொரு மூலைக்கும் தெரியும்.

நம் தெருவில் நிற்கும் 11 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர் பற்றிக் கவலை வேண்டாம். லைன் நீளம் குறைவு. போதாததற்கு மேல்பக்கம் டெல்டா; நியூட்ரலே கிடையாது. இந்த மின்னோட்டத்துக்கு உள்ளே வர வாசலே இல்லை!

ஊட்டியும் சாட்சி சொல்லும். அங்கே டாடா ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் 3,712 இரும்புக் குழாய்க் கருவிகள் விண்வெளியிலிருந்து விழும் மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன. 2015 ஜூன் 22-ல் ஒரு பிளாஸ்மா மேகம் பூமியை மோதியபோது, அங்கே எண்ணிக்கை இரண்டு மணி நேரத்துக்குத் திடீரென்று ஏறியது. பூமியின் காந்தக் கவசம் அந்த நேரம் பலவீனமானது என்பதற்கு அது அடையாளம்.

ஆகாயத்தில் என்ன ஆகும்?

மின்சாரத்தைவிட நமக்கு நெருக்கமான ஆபத்து செயற்கைக்கோளில் இருக்கிறது. புயலில் மேல்வளி சூடாகி உப்பும். தாழப் பறக்கும் கோள்களுக்கு இழுவை கூடும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் நிறுவனம் விட்ட 49 கோள்களில் 38 இப்படியே கீழே இறங்கி எரிந்துபோயின. அது பெரிய புயல்கூட இல்லை.

செல்போனில் வழி காட்டுகிற ஜி.பி.எஸ். சிக்னல் அயனி மண்டலம் வழியாகத்தான் வருகிறது. அந்த மண்டலம் கலங்கினால் கணக்கு தப்பும். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், நம் நாட்டில் சாதாரண நாளிலேயே அந்தி சாய்ந்த பிறகு இந்தக் கலக்கம் உண்டு.

மே 2024-க்கு வருகிறேன். பல பிளாஸ்மா மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய புயல் அது. லடாக்கில் ஹான்லே வானத்தில்கூடச் சிவப்புத் துருவ ஒளி தெரிந்தது. அமெரிக்காவில் ஜி.பி.எஸ். பார்த்து விதைக்கும் டிராக்டர்கள் வரப்பு தப்பி நின்றன. நம் நாட்டில் பெரிய மின்தடை எதுவும் இல்லை.

இதில் என்னைச் சுட்ட விஷயம் ஒன்று. புயல் மோதியது மே 10 வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி வாக்கில். உச்சம் சனிக்கிழமை காலையிலேயே கடந்துவிட்டது. எங்கள் அப்பத்தா போன்களைக் குலுக்கையில் போட்டது சனிக்கிழமை ராத்திரி! புயல் எங்கள் வீட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வதந்திதான் செய்தது.

டீக்கடைக் கேள்விகளுக்குப் பதில்

செல்போன் வெடிக்குமா? வெடிக்காது. கிலோமீட்டர் கணக்கில் நீளம் இருந்தால்தான் வோல்ட் சேரும். கையகலப் போனில் என்ன சேரும்?

உடம்புக்குக் கெடுதலா? தரையில் இருக்கும் நமக்கு இல்லை. காற்று மண்டலமும் காந்தக் கவசமும் தடுத்துவிடும். விண்வெளி வீரர்களுக்குத்தான் ஆபத்து. துருவம் வழியாகப் பறக்கும் விமானங்களைச் சில சமயம் வேறு வழியில் திருப்புவார்கள்.

வெயில் கூடுமா? கூடாது. 11 வருஷச் சுற்றில் சூரியனின் மொத்த சக்தி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. அக்கினி நட்சத்திர வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கோடை எப்.எம். கேட்குமா? தாராளமாகக் கேட்கும். அது மலையிலிருந்து நேராக வருகிறது. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை வானொலிதான் பகலில் பெரிய சுடர் வந்தால் கொஞ்ச நேரம் ஊமையாகும்.

இடி மின்னலும் இதுவும் ஒன்றா? இல்லை. இடி மின்னலுக்கு டி.வி. ஒயரைக் கழற்றுங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள். நம் பள்ளத்தாக்கில் அதுதான் நிஜமான ஆபத்து.

சூரியப் புள்ளியை நாமும் பார்க்கலாமா? வெறும் கண்ணாலோ, கூலிங்கிளாஸ் போட்டோ ஒருக்காலும் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். ஓட்டு வீட்டில் சின்ன ஓட்டை வழியாகத் தரையில் வட்டமாக வெயில் விழுமே, அந்த வட்டம் சூரியனின் பிம்பம்தான். அதே முறையில் இருட்டு அறையில் அட்டையில் சிறு துளை போட்டு, தூரத்தில் வெள்ளைத்தாள் வைத்துப் பார்க்கலாம். பெரிய புள்ளி இருந்தால் தெரியும்.

காவலும் நம் கடமையும்

சூரியப் புயலைத் தடுக்க யாராலும் முடியாது. முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியும். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6-ல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் தன் இடத்தைப் பிடித்தது. ஏழு கருவிகள். அதில் கரோனாவைப் படம் பிடிக்கும் முக்கியக் கருவியைச் செய்தது, கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அப்போது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, நம்ம செங்கோட்டைக்காரர். நம்மைப் போல மலையடிவாரத்துப் பிள்ளைதான்!

சூரியனை விட்டு மேகம் கிளம்புவதைப் பார்த்தால் ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். அது வடக்கா தெற்கா என்பது, அந்த 15 லட்சம் கிலோமீட்டர் இடத்தைத் தாண்டும்போதுதான் உறுதியாகத் தெரியும். அப்போது கையில் இருப்பது கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதற்குள் துணைமின் நிலையத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? பராமரிப்புக்காகக் கழற்றிய லைனைத் திரும்பச் சேர்க்க வேண்டும். பெரிய டிரான்ஸ்பார்மரின் பாரத்தைக் குறைக்க வேண்டும். நியூட்ரல் மின்னோட்டத்தையும், எண்ணெய்ச் சூட்டையும், டிரான்ஸ்பார்மர் உறுமுகிற சத்தத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் போனால் கடையில் போய் வாங்கி வர முடியாது. செய்து வர வருஷக்கணக்கில் ஆகலாம்.

அந்த நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பது யார்? விஞ்ஞானி அல்ல நண்பர்களே. டிப்ளமோ முடித்த நம்மில் ஒருவர்! அவர் 'தெரியல மாமா' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அந்த ராத்திரி பிறந்த என் மருமகள் இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள். அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்க்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குலுக்கை ஞாபகம் வரும். போன மாசம் டீக்கடை மாமா மறுபடியும் ஒரு செய்தியைக் காட்டினார். இந்தத் தடவை பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப போனை ஆஃப் பண்ண வேண்டாம்கிற" என்றார்.

"வேண்டாம் மாமா. ராத்திரியில யாராவது அவசரத்துக்குக் கூப்பிடுவாங்க. ஆன்லயே வைங்க" என்றேன்.

உங்கள் ஊர் டீக்கடையிலும் ஒரு மாமா இருப்பார். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.